ஒன்றரை விரல் வாய்

அந்த அக்காவைக் கதிரையில் இருத்துவதே எங்களுக்குப் பெரும்பாடு. பல் வைத்தியரின் கதிரையைச் சொல்லவில்லை, அந்தக் கூத்துப் பிறகு வரும். காத்திருக்கும் அறையிலுள்ள சாதாரணக் கதிரையிலேயே அவர் இருக்கமாட்டார். வந்ததும் சஞ்சிகைகளை அடுக்குவார். ஜன்னலோரப் பூச்சாடிக்குள் விரலை விட்டு ஈரம் பார்ப்பார். தட்டின்மேல் விரலை ஓட்டி, தூசு ஒட்டினால் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்.

"ஆர் பிள்ளை இஞ்சை கிளீன் பண்ணுறது? நல்லா ஏமாத்துறாங்கள்."

இருபது வருடமாக அலுவலகங்கள் துப்புரவாக்கியவர், அவருக்குத் தெரியாததா? காத்திருக்கும் ஜெர்மன்காரர்கள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பும் வரும்.

நான் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே படித்து, இந்த வேலைக்கென்றே மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தவள். எங்கள் டொக்டர் ஜெர்மன்காரி, ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், வலிக்காமல் ஊசி போடக்கூடியவர். தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்ப்பது என் தலையில் விழும். அக்காவுக்கு அது தேவையே இல்லை. அவருடைய ஜெர்மன் பிழை பிழையாக, ஆனால் துணிச்சலாக ஓடும். தன் வாயைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் தமிழுக்குத் தாவிவிடுவார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் என் வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். பெயரைப் போட்டு அவரைப் பற்றி எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பது மற்றப் பக்கம்.

முதல் நாள் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நோவென்று வந்தார். புதிய நோயாளிகள் நிரப்பும் படிவத்தை நான்தான் நிரப்பிக்கொடுத்தேன். இரத்த அழுத்தம்? இல்லை. நீரிழிவு? இல்லை. புகைத்தல்? "சீ, என்ன பிள்ளை!" மது? "உனக்கு விசரே?" இப்படியே கீழே வந்து கையெழுத்து வைக்கும்போது, கைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து, மறுபக்கம் திரும்பி, கன்னத்துக்குள் இருந்த எதையோ அதில் எடுத்துச் சுருட்டினார்.

"என்னக்கா அது?"

"பாக்குச் சீவல். நாலு துண்டு. விடியப்புறம் நாலு மணிக்கு வேலைக்கு எழும்பிறனான், நித்திரை தூங்கும். இதை ஒதுக்கி வைச்சிருந்தால் தூங்காது." பிறகு படிவத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை எழுதிப்போடாதை பிள்ளை. உவ டொக்டர் எங்களைப் பற்றி என்ன நினைப்பா? பட்டிக்காடுகள் எண்டெல்லோ நினைப்பா."

நான் சிரித்துக்கொண்டு, எழுதாமல் விட்டேன். படிவத்தில் சீவலுக்குப் பெட்டியும் இல்லை. ஆனால் அடியில் 'வேறு பழக்கங்கள்' என்று ஒரு வெற்றுக் கோடு இருந்தது. அதில் 'இல்லை' என்று என் கையால் எழுதினேன். எனக்கும் காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ் ஐயா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போக, கிண்ணத்தில் கிடந்த சிவப்பைப் பார்த்து என்னோடு வேலைசெய்யும் பெண் இரத்தமென்று கத்திவிட்டாள். வெற்றிலையை அவளுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் எனக்கு மானம் போய்விட்டது. அதோடு, உள்ளதைச் சொன்னால், பாக்கு ஒரு பழக்கம் என்றே என் மண்டையில் பதியவில்லை. கலியாணத்தில், சாமத்தியச் சடங்கில், குங்குமத்தோடும் சந்தனத்தோடும் தட்டில் இருக்கிற சாமானை சிகரட்டோடு சேர்த்து யார் யோசிப்பார்கள்?

உள்ளே போனதும்தான் சங்கதி தெரிந்தது. டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். அக்கா திறந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவுதான்" என்றார் அக்கா.

எங்கள் தொழிலில் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஆள் தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டு விரலே நெருக்கிக்கொண்டு போனது. பயத்தில் இறுக்குகிறார் என்று டொக்டர் நினைத்தார். நானும் தோளைத் தடவி, "பயப்பிடாதேங்கோ அக்கா" என்றேன். "ஆர் பயந்தது? கெதியாப் பாக்கச் சொல்லு, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எரிந்து விழுந்தார்.

அந்தப் பல்லைக் கழற்றிய நாள் எனக்கு மறக்காது. குழந்தைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் கண்ணாடி, குழந்தைப் பிள்ளைகளுக்கான குறடு, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வழமையாக ஊசி போடும் இடத்துக்குக் கை போகாது. வாயை மூடியபடியே வைத்திருக்கச் சொல்லி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவால் டொக்டர் ஊசியை ஏற்றினார். உறிஞ்சு குழாயைப் பிடிக்க எனக்கு இடமில்லை, டொக்டரின் விரலும் என் விரலும் அந்த இடுக்கில் முட்டிக்கொண்டன. அக்காவின் கால்கள் முழு நேரமும் கதிரையின் அடிப்பக்கத்தில் தாளம் போட்டபடி இருந்தன. ஒரு மணித்தியாலம் எடுத்தது. டொக்டருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. அக்கா எழும்பி, பஞ்சைக் கடித்தபடி, கதிரைப் பிடியில் தெறித்திருந்த தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் போனார்.

சமாளிப்பதுதான் அந்த அக்கா. வேறு எப்படி அவரைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. 'சமாளிக்கலாம் பிள்ளை' என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். வாய் சுருங்கச் சுருங்க அதற்கேற்ற வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே போனார். பாண் துண்டைத் தட்டின் அடியால் அழுத்தி மட்டையாக்கி உள்ளே தள்ளுவார். அப்பிள் வேண்டாம், துருவினால் சரி. கரண்டி பேரப்பிள்ளைக் கரண்டி. பிரஷ் இரண்டு வயதுப் பிள்ளையின் பிரஷ், பிடியில் ஆனைப் படம். "புட்டு மாதிரி ஒரு சாப்பாடு உலகத்தில இல்லை. வாய் திறக்கவே தேவையில்லை, ஊதினாலே உள்ள போயிடும்" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்துச் சிரித்துக் கருவித் தட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

உறைப்பும் எரிகிறது என்றார். யாழ்ப்பாணத்துப் பொம்பிளை, கறித்தூளை வீட்டிலேயே வறுத்து இடிப்பவர், இப்போது தன் பங்குக் கறியைத் தயிர் விட்டுக் கழுவிச் சாப்பிடுகிறாராம். "வயசு போகுதெல்லோ" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் என்ன வயசு? அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

டொக்டர் தாடை மூட்டில்தான் கோளாறு என்று முடிவெடுத்தார். படிவத்தில் ஒன்றும் இல்லையே, வேறு எதை நினைப்பது? இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்யவேண்டும் என்றார். அதற்கு அச்சு எடுக்கும் தட்டு வாய்க்குள் போகவில்லை. டொக்டர் தட்டை நடுவால் வெட்டி, இடப்பக்கம் ஒருநாள் வலப்பக்கம் ஒருநாளாக அச்செடுத்து ஒட்டினார். பிறகு மரக்குச்சிப் பயிற்சி. ஐஸ்கிறீம் குச்சி மாதிரி மெல்லிய குச்சிகள், பத்தை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்திருக்க வேண்டும், கிழமைக்கு ஒன்று கூட்ட வேண்டும். அக்கா அதை பஸ் தரிப்பிடத்தில் வைத்துச் செய்தார். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டு, வாயில் குச்சிக்கட்டோடு, பஸ் வரும் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு. நானே கண்டிருக்கிறேன். ஒரு ஜெர்மன் கிழவர் பயந்து தள்ளிப்போய் நின்றார்.

குச்சி கூடவில்லை. ஒன்பதாகியது. எட்டாகியது. நான் அளந்து கோப்பில் எழுதுவேன். இரண்டு விரல் ஒன்றரை விரலானது. டொக்டர் குழம்பிப்போய், தோல் இறுகுகிற ஏதாவது நோயாக இருக்கலாம் என்று இன்னொரு சிறப்பு வைத்தியரிடம் அனுப்பினார். அங்கே டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்கவே மூன்று மாதம். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று கடிதம் வந்தது.

இதற்கிடையில் ஒரு பிறந்தநாள் விழாவில் அவரைக் கண்டேன். மண்டப வாசலில் வெற்றிலைத் தட்டு. அக்கா அதைக் கடந்து போனார், திரும்பி வந்தார், பன்னீர்ச் செம்பை நேராக வைத்தார், குங்குமச் சிமிழை மூடினார், அந்தச் சாட்டில் ஒரு பிடி சீவலை அள்ளிக் கைப்பைக்குள் போட்டார். என்னைக் கண்டதும் என் கையிலும் கொஞ்சம் வைத்தார். "போடு பிள்ளை, சாப்பாடு செமிக்கும்." போட்டேன். இரண்டு பேரும் மென்றுகொண்டே நின்று, சாறி கட்டத் தெரியாத பெட்டையளைப் பற்றிக் கதைத்தோம்.

ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, உதவியாளர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போனேன். பேசியவர் திரையில் படங்களைக் காட்டினார். ஒரு கன்னத்தின் உட்புறம், வெளிறிப்போய், கயிறு கயிறாகத் தடித்து. பாக்குச் சப்புகிறவர்களுக்கு வருவது என்றார். முதலில் உறைப்பு எரியும், பிறகு கன்னம் இறுகும், வாய் திறவாது, சிலருக்குப் புற்றுநோயாக மாறும் என்றார். பக்கத்தில் இருந்தவள் குறிப்பெழுதினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போய் அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை டொக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்பார். அந்த 'இல்லை' என் கையெழுத்து. அதுதான் காரணம், வேறு பெரிய நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை. எனக்கே நான் வேறு கதை சொல்லிக்கொண்டேன்: அக்கா நம்பிச் சொன்னவர், மூத்த மனிசி, அவரைக் காட்டிக்கொடுக்கலாமா? நல்ல வசதியான மரியாதை!

அடுத்த தடவை வந்தபோது அவரை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, அந்தச் சீவலை விட்டுடுங்கோ. அது கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

"படிச்ச ஆக்கள்தான். வாய் இறுகிறது அதாலதானாம்."

"அப்ப விடுறன்" என்றார் உடனே. "என்ன பெரிய விசயமே? சமாளிக்கலாம்." அப்போது வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு எதையோ நெரித்துக்கொண்டிருந்தார். பைக்குள் சரசரத்தது.

புற்றுநோய் என்ற சொல் என் வாயில் வரவில்லை. எங்கள் ஆட்கள் அதை 'அந்த வருத்தம்' என்றுதான் சொல்வார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. அன்று எனக்கு அதுகூட வரவில்லை. கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதன்பிறகு அவர் வரும் நாட்களில் கோப்பைத் திறப்பேன், மூடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று டொக்டரின் அறைவாசல்வரை போவேன், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். இப்படி மூன்று மாதம். முதல் நாளிலிருந்து மொத்தம் எட்டு.

எட்டாவது மாதம் அக்கா தன் விருப்பத்தில் வந்தார், டெர்மின் இல்லாமல். கன்னத்துக்குள் புண், மூன்று கிழமையாக ஆறவில்லை. ஒன்றரை விரல் இடுக்கால் குழந்தைக் கண்ணாடியை விட்டு டொக்டர் பார்த்தார். புண்ணின் ஒரு ஓரம்தான் தெரிந்தது, சிவப்பும் வெள்ளையுமாக. பல்லின் கூர் குத்தியிருக்கலாம், கூரை மழுக்கிவிடுகிறேன், இரண்டு கிழமை பொறுத்துப் பார்ப்போம் என்றார். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். "எப்போதிருந்து தெரியும்?"

"பாக்குப் போடுறது முதல் நாளிலிருந்து. அது என்ன செய்யும் என்று மூன்று மாதமாக."

கோப்பை இழுத்து அந்தப் படிவத்தைப் பார்த்தார். "உங்கள் கையால் எழுதிய இந்தச் சொல்லை நம்பி நான் எட்டு மாதம் ஒரு மூட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்படியே தொலைபேசியை எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அடித்து, அடுத்த நாளுக்கே இடம் வாங்கினார். அக்காவுக்கும் தானே அடித்து, பாக்கைப் பற்றி நேராகக் கேட்டார். மறுமுனையில் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அந்த வருத்தமேதான். தொடங்கி அதிக காலமில்லை, ஆனால் தொடங்கிவிட்டது. கன்னத்தின் உட்புறத்தை வெட்டி, கையிலிருந்து தோலெடுத்து வைத்துத் தைத்தார்கள். இதையெல்லாம் டொக்டருக்கு வந்த கடிதத்தில் படித்துத்தான் அறிந்தேன். அக்கா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழங்களோடு போனேன், நித்திரை என்று தாதி திருப்பி அனுப்பினாள். கதவிடுக்கால் பார்த்தேன், கட்டிலில் எழும்பி இருந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தமிழ்க் கடையில் கண்டேன். என்னைக் கண்டதும் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிவிட்டார். பஸ்ஸில் கண்டேன். அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார், அவருடைய தரிப்பு அதுவல்ல. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்வானேன்? உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், டொக்டரிடம் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா, பட்டிக்காடு என்று ஜெர்மன்காரி நினைத்துவிட்டாள் என்று இன்னமும் ரோசமா? வீட்டில் சட்டி பானையை அடித்து வைத்தேன். பிறகு அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முதுகு நினைவுக்கு வரும், கைவேலை நின்றுவிடும்.

ஒரு வருடம் கழித்து, மகள் இருக்கும் லைப்சிக் நகருக்கு நிரந்தரமாகப் போவதற்கு முன், பல்லைத் துப்புரவாக்க வந்தார். மெலிந்திருந்தார். இடக்கன்னம் உள்வாங்கியிருந்தது. சஞ்சிகையைத் தொடவில்லை, தூசு பார்க்கவில்லை, கூப்பிடும்வரை கதிரையில் இருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

டொக்டர் அளந்தார். பயிற்சியால் கொஞ்சம் கூடியிருந்தது, இரண்டு விரலுக்குக் கிட்ட. நான் கண்ணாடியை நீட்டும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பேச்சு கொழகொழத்து வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"உவவுக்குச் சொல்லிக் குடுத்ததுக்கு நான் கோவம் எண்டு நினைச்சியே?"

"ஓமக்கா."

"விசரி. சொன்னதுக்கு ஆர் கோவிப்பினம்? சொல்லாமல் இருந்தியே, அதுக்கு. எழுதாதை எண்டு நான் சொன்னால், நான் படிக்காதவள். நீ படிச்சனி, நீ எழுதியிருக்க வேணும். கூடாது எண்டு சொன்னாய், ஏன் எண்டு சொன்னியே? அந்த வருத்தம் வரும் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தால் அண்டைக்கே அந்தச் சீவல் பையைக் குப்பையில எறிஞ்சிருப்பன். என்ரை கன்னமெல்லோ பிள்ளை போனது."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேனா, நினைத்தேனா, இப்போதும் நிச்சயமில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

எதையும் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். டொக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"அவர் சொல்வது சரி" என்றார்.

"என்னவாம்?" என்று அக்கா என்னைக் கேட்டார், ஜெர்மன் தெரியாதவர் மாதிரி.

"நீங்கள் சொல்லுறது சரியாம்."

"பின்னை?" என்றார். என் மணிக்கட்டை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, வாயைத் திறக்கக்கூடிய அளவுக்குத் திறந்தார்.